போனதையும் எண்ணுகிற இடம்

எலியைப் பார்க்கப் போவதற்காகப் பதினோரு வருஷம் நான் தினமும் இரண்டு தரம் குளித்தேன். தாராவியில் எங்கள் சந்தில் காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், ஆறரைக்கு நின்றுபோகும். அதற்குள் நாலு குடம் பிடித்து, பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்று, மிச்சம் இருக்கிற அரை வாளியை மேலுக்கு ஊற்றிக்கொண்டு பஸ் ஏறிச் செம்பூர் பக்கம் போவேன். அங்கே நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் உள்ளே விடுவதற்கு முன்னால் இன்னொரு தரம் குளிக்கச் சொல்வார்கள். சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு அவர்கள் கொடுக்கும் நீலச் சட்டை, கால்சட்டை, தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, காலுக்கு உறை எல்லாம் மாட்டிக்கொள்ள வேண்டும். என் மேலில் இருக்கிற தாராவி, எலிகளுக்கு ஒட்டிவிடக் கூடாதாம். எங்கள் சந்தில் எலி என்றால் தூங்குகிற பிள்ளையின் கால்விரலைக் கடிக்கும். அங்கே எலிக்கு ஏ.சி., வடிகட்டின தண்ணீர், ஆவியில் வெந்த தீவனம், நேரத்துக்கு அணைந்து நேரத்துக்கு எரிகிற விளக்கு. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். நானும் முதல் வாரம் சிரித்தேன். அப்புறம் அந்த ஷவருக்காகவே லீவு போடாமல் போனேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டி எழுதுவேன், இங்கிலீஷில் என் பேரை மட்டும் போடுவேன். ஆனால் அந்தக் கூடத்தில் எனக்கு இருந்த மதிப்பு பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு இல்லை. கூண்டு கழுவத்தான் எடுத்தார்கள். ஒரு வருஷத்தில் பெண் எலிகளைப் பார்க்கிற வேலை என் கைக்கு வந்தது. சாயங்காலம் ஆண் இருக்கிற பெட்டியில் பெண்ணை விடுவார்கள். மறுநாள் காலையில் வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சேர்ந்திருந்தால் பெண்ணின் வாசலில் காய்ந்த கஞ்சி மாதிரி வெள்ளையாக ஓர் அடைப்பு இருக்கும். மதியத்துக்குள் அது விழுந்துவிடும். பார்த்த அன்றே அட்டையில் அரை நாள் என்று கணக்கு ஆரம்பிக்கும். மனுஷிக்கு நாள் தள்ளிப்போன பிறகுதான் தெரியும், எலிக்கு விடிந்ததும் தெரிந்துவிடும். படித்த பிள்ளைகள் விளக்கில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நான் ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன், தப்பினது இல்லை. மௌசி சொன்னால் சரி என்று எழுதிக்கொள்வார்கள். மௌசி என்றால் சித்தி. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான்.

அட்டையில் இன்னொரு குறியும் இருக்கும். கூட்டல் குறி இரண்டு போட்ட எலி, ஒரு கூட்டல் ஒரு கழித்தல் போட்ட எலி. கழித்தல் இரண்டு போட்ட எலி எந்தப் பெட்டியிலும் இருந்ததே இல்லை. அது ஏன் என்று நேஹாவிடம்தான் கேட்டேன். நேஹா கான்பூர்ப் பெண், அங்கே பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள், முப்பது வயது இருக்கும். கூடத்தில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். அவள் பார்த்த ஆராய்ச்சியின் பேர் மைக்ரோ ஆர்.என்.ஏ. வயிற்றில் கரு உண்டான முதல் வாரத்தில் அது என்ன செய்கிறது என்பதுதான் அவள் பாடம். என் வீட்டுக்காரர் தாராவியில் தோல் பட்டறையில் அளவு பார்த்து வெட்டுகிறவராக இருந்து செத்துப்போனவர் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் எனக்குப் பட்டறைக் கணக்கிலேயே சொன்னாள்.

கரு முதல் இரண்டொரு நாள் தன் சொந்தச் சமையல் செய்வதில்லை. தாய் முட்டைக்குள்ளேயே எல்லாம் கட்டி வைத்திருக்கிறாள், அதைத்தான் தின்கிறது என்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கல்யாணம் ஆகி முதல் தடவை பம்பாய்க்கு ரயில் ஏறியபோது என் அம்மா புளிச்சோறும் கொத்தமல்லித் துவையலும் கட்டிக் கொடுத்தாள். இரண்டு நாள் அதைத் தின்றுதான் வந்தேன். தாதரில் இறங்கின பிறகு சொந்த அடுப்பு. கருவுக்கும் அப்படித்தான். கட்டுச்சோறு தீர்வதற்குள் சொந்த அடுப்பு பற்ற வேண்டும். தாய் கொடுத்த பழைய உத்தரவுச் சீட்டுகளைக் கழித்துவிட்டுப் புதுச் சீட்டைப் படிக்க வேண்டும். இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. எதையும் உண்டாக்காது. இந்தச் சீட்டைப் படிக்காதே, இது போதும் என்று அமுக்கி வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. நீண்ட நாடாவாக இருப்பதைத் துண்டு துண்டாக வெட்டினால்தான் அது ஆகும். வெட்டுவதற்கு உடம்பில் ஒரு கத்திரி இருக்கிறது. அந்தக் கத்திரி அப்பன் வழி ஒன்று, ஆத்தாள் வழி ஒன்று. ஒன்று மொக்கையாக இருந்தாலும் மற்றது வெட்டும், பட்டறை ஓடும். அதுதான் கூட்டல் கழித்தல் எலி. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அப்படி இரண்டு எலியைச் சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்கு இரண்டும் மொக்கையாகப் போகும். முதல் சில நாள் அதுவும் சமாளிக்கும். கர்ப்பப் பையில் ஒட்டின பிறகு, நீ தோல், நீ ரத்தம், நீ நரம்பு என்று பிரிகிற நேரத்தில் முழிக்கும். பழைய வேலையை விடத் தெரியாமல் அப்படியே நின்றுவிடும். ஏழெட்டு நாளில் தாய் எலி அதை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே ஒரு சொட்டும் வராது. அதனால்தான் கழித்தல் இரண்டு போட்ட எலிக்குப் பெட்டி இல்லை.

இதை நேஹா எனக்குச் சொன்ன நேரத்தில் என் வீட்டில் என் மருமகளுக்கு மூன்று போயிருந்தது.

அவள் பேர் முத்துலட்சுமி. என் கூடப் பிறந்த அண்ணன் மகள். என் மகன் செல்வத்துக்கு அவள்தான் என்று அவள் பிறந்த அன்றைக்கே நான் சொல்லி வைத்தேன். செல்வத்துக்கு இங்கே கம்பெனியில் கூட வேலை பார்த்த ஒரு பெண் மேல் நினைப்பு இருந்தது. நான் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்து அதை அறுத்தேன். எங்கள் வீட்டு ரத்தம் வெளியே போகக் கூடாது, எங்கள் வீட்டுப் பெண்கள் ஏழு எட்டு என்று பெற்றவர்கள் என்று சந்து முழுக்கச் சொன்னேன். மாட்டுங்காவில் போய் நானே பார்த்துப் பார்த்து மல்லிகைப் பந்து வாங்கி வந்து அவள் தலையில் வைத்தேன். முதல் கரு ஐம்பது நாளில் போயிற்று. இரண்டாவது அதற்கும் முன்னால். மூன்றாவதும் அப்படியே.

அதற்குப் பிறகு நான் அவளை நடத்தினதை மழுப்பாமல் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தபோது, நீ எதுக்கு என்று சொல்லி அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனேன். எங்கள் வீடு ஒரே அறை, பத்துக்குப் பத்து. அந்தப் பாட்டும் சிரிப்பும் தகரச் சுவர் வழியாக அவளுக்குக் கேட்கும் என்று தெரிந்தே சாத்தினேன். யாராவது கைக்குழந்தையோடு வந்தால் அவளைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிடுவேன். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அவள் சோற்றை வடித்துவிட்டு அசந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எதற்கு எனக்கு அத்தனை வயிற்றெரிச்சல் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“எட்டும் பத்துமாப் போடுத எலியத் தெனம் பாத்துட்டு வாரேன். வீட்டுக்கு வந்தா உன் மூஞ்சிதான் கெடக்கு.”

அவள் அழவில்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைப் போல நிதானமாகக் கேட்டாள்.

“அத்தே, அந்த எலிகளுக்கு நடுவுல போயிருச்சுன்னா, போனதயும் எண்ணுவாவளா?”

வாயை மூடிக்கொண்டு சோற்றைப் போடு என்றேன்.

எண்ணத்தான் செய்கிறார்கள். அடுத்த வாரம் நேஹா ஒரு தாய் எலியைத் திறந்தாள். கழுத்தில் ஓர் அழுத்து, வாலில் ஓர் இழுப்பு, அவ்வளவில் அது முடிந்துவிடும். உள்ளே கர்ப்பப் பை பாசிமணி கோத்த மாதிரி இருந்தது. எட்டு மணி. ஆறு வெளுப்பாக, பருத்து. இரண்டு சின்னதாக, கறுப்பாக. நேஹா தாளில் ஆறு என்று எழுதி, பக்கத்தில் இரண்டு என்றும் எழுதினாள். அந்த இரண்டுதான் எனக்கு முக்கியம் மௌசி, இதற்காகத்தான் மூன்று வருஷம் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். நான் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை அறியாமல் மருமகளுக்கு மூன்று போனதைச் சொல்லிவிட்டேன்.

நேஹா கையுறையைக் கழற்றினாள். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டாள். நல்ல குடும்பமா என்று விசாரிக்கிறாள் என்று நினைத்து, பெருமையாக, என் கூடப் பிறந்த அண்ணன் மகள் என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அப்படியானால் உன் மகனுக்கு அவள் தங்கைதானே மௌசி என்றாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அண்ணன் மகள் எப்படித் தங்கை ஆவாள்? தங்கை வேறு, முறைப்பெண் வேறு. ஆனால் அவள் இந்தியில் முறைப்பெண்ணுக்குப் பேரே கிடையாது. அண்ணன் தங்கை எலியைக் கூசாமல் ஒரே பெட்டியில் போடுகிறவர்கள் நீங்கள், எங்களைச் சொல்ல வந்துவிட்டாய் என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. ஒரு காலி அட்டையை எடுத்துத் தாத்தா பாட்டியில் ஆரம்பித்துக் கோடு போட்டாள். என்னையும் அண்ணனையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். என் கீழே செல்வம், அண்ணன் கீழே முத்துலட்சுமி. அப்புறம் எங்கள் நாலு பேர் தலையிலும் ஒரு கூட்டல், ஒரு கழித்தல் போட்டாள்.

இதே கத்திரி என்று நான் சொல்லவில்லை மௌசி, உடம்பில் இப்படி எத்தனையோ இருக்கிறது, அதில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம் என்றாள். இரண்டு பேரையும் கூட்டி வா, எனக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார், ரத்தம் எடுத்துப் பார்ப்போம், தெரிந்தாலும் தெரியும், தெரியாமலும் போகும். அப்படியே இருந்தாலும் நாலில் மூன்று பங்கு நல்லது. மூன்று போனதால் நாலாவதும் போகும் என்று இல்லை, ஒவ்வொரு தடவையும் தாயக்கட்டை புதிதாக உருளுகிறது. உன் மருமகளிடம் சொல், அவள் மேல் தப்பு இல்லை. இதைச் சொல்லி அந்த அட்டையை என் கையில் கொடுத்தாள்.

பஸ்ஸில் வரும்போது அட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மருமகள் தலையில் இருந்த கழித்தலும் மகன் தலையில் இருந்த கழித்தலும் எனக்கு உறைக்கவில்லை. என் தலையில் இருந்ததுதான் உறைத்தது. எந்த ரத்தத்தைச் சொல்லிச் சந்து முழுக்க மார் தட்டினேனோ, எந்த ரத்தத்துக்காக மகனைப் பட்டினி கிடந்து மடக்கினேனோ, அதில்தான் மொக்கைக் கத்திரி இருக்கிறது. ரத்தம் எடுத்துப் பார்த்து டாக்டர் அதைச் சொல்லிவிட்டால்? முத்துலட்சுமி என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள், அது தெரியும். அந்தப் பேசாத முகத்தோடு பத்துக்குப் பத்தில் எப்படி இருப்பேன் என்று நினைத்தேன். சயானில் இறங்கும்போது அட்டையை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன்.

அதே வாரத்தில் அண்ணனுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். அவர் ஊரில் நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற ஆள். எங்கள் வீட்டு வாசலில் செருப்பை விட இடம் இல்லாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அவளை அனுப்ப மனசு இல்லை. அவன் என்னை எதிர்த்த ஒரே தடவை அந்தக் கம்பெனிப் பெண் விஷயத்தில்தான், அதில் தோற்றபின் எதிர்க்கிற பழக்கமே அவனுக்கு விட்டுப்போயிருந்தது. முத்துலட்சுமி அடுப்பு மூலையில் நின்றாள். அண்ணன் சுற்றி வளைக்கவில்லை.

“தங்கச்சி, உன்னய நம்பித்தான குடுத்தேன். அவன நம்பியா குடுத்தேன்?”

“குடுத்த பண்டம் சரியில்லையே, அண்ணே. நான் என்ன செய்ய?”

இதைச் சொன்னபோது எனக்கு எல்லாம் தெரியும். அந்த அட்டையில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததும், இரண்டு பேருக்கும் ஒரே குறி போட்டிருந்ததும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அம்மா செத்த அன்றைக்கு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்ட மனுஷன் அவர். மகளைப் பார்த்து, துணியை எடு என்றார்.

மறுநாள் தாதரில் ரயில் ஏற்றப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான். கட்டுச்சோறு கட்டிக் கொடுக்கவில்லை. முத்துலட்சுமி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வண்டி நகரும் வரைக்கும் என்னையே பார்த்தாள். பேசவில்லை. நான் பயந்த அந்தப் பேசாத முகம் அதுதான்.

திங்கட்கிழமை நேஹா கேட்டாள், கூட்டி வந்தாயா என்று. இரண்டு பேரும் ஊருக்குப் போயிருக்கிறார்கள், அங்கேயே பார்த்துக்கொள்வார்கள் என்றேன். சந்தோஷப்பட்டாள். ஒரு வருஷத்தில் அவள் பட்டம் வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு, உன் மருமகளுக்குப் பிள்ளை பிறந்தால் எனக்குச் சொல்ல வேண்டும் என்றாள்.

செல்வத்துக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒட்டு உறவே இல்லாத இடத்தில் கலாவைக் கட்டினோம். பத்தாவது மாதம் ஆண் பிள்ளை. அது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. கூட்டல் கழித்தலைக் கூட்டல் கூட்டலோடு சேர்த்தால் ஒன்றும் போகாது என்று எத்தனை பெட்டியில் பார்த்திருக்கிறேன். ஆனால் சந்தில் ஜிலேபி கொடுத்துக்கொண்டே போனபோது ஒவ்வொரு வாசலிலும், இப்போது தெரிகிறதா குறை யாரிடம் இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள். அப்புறம் ஊரில் முத்துலட்சுமிக்கு மறுகல்யாணம் ஆயிற்று, அவளுக்கும் ஒட்டு உறவு இல்லாத இடம்தான். இரண்டு பெண் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டபோது, யாருக்குப் பெத்தாளோ என்று சொன்ன வாயும் என் வாய்தான்.

இப்போது வேலையை விட்டு, தாராவியையும் விட்டு, பாண்டுப்பில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வருஷம் குலசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன், எட்டு வருஷத்துக்கு அப்புறம். முன்பு போலவே காலி டிபன் கேரியரைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். முன்பெல்லாம் திரும்பி வரும்போது அண்ணன் வீட்டில் அண்ணி புளிச்சோறு கட்டித் தருவது பழக்கம். கோயிலில் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், ஆனால் யாரும் பேச்சை என் பக்கம் திருப்பவில்லை. கடைசியில் ஒரு கிழவி, என் வயசுக்காரிதான், வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஒம் மவனுக்குத்தான் கொறைன்னு ஊருக்கே தெரியுமே. பெறவு அங்க ஒரு பய இருக்கான்னு சொல்லுதாவளே, அது யாரு புள்ளட்டி?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கும் ருசு இருக்கிறது. முத்துலட்சுமியின் இரண்டு பெண்களும் அங்கேதான் பொங்கல் பானைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். பம்பாயில் என் பேரன் ஒரு ருசு, இங்கே இந்தப் பெண்கள் ஒரு ருசு. அங்கே அவள் மலடி, இங்கே என் மகன் ஆண்பிள்ளை இல்லை. இரண்டு ஊர் வாயையும் ஒரே பேச்சில் அடைக்க என்னால் முடியும். அந்தப் பேச்சு என் தலையில் இருக்கிற கழித்தலில் ஆரம்பிக்கும். நான் வெற்றிலையை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

பெரிய பெண் என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். அவளுக்கு என் அம்மாவின் நெற்றி. முத்துலட்சுமி வந்து அவள் கையைப் பிடித்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், நன்றாக இருந்தாள். பிள்ளை, அது யாரும்மா என்று கேட்டது.

“பம்பாய்க்காரவுக. நீ வா.”

அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. இந்த ஊரில் பிறந்து இந்தச் சாமிக்கு மொட்டை போட்ட என்னை அவள் பம்பாய்க்காரி என்கிறாள். பம்பாயில் நாற்பத்தாறு வருஷம் ஆகியும் மார்க்கெட்டில் நான் மதராஸிக் கிழவி. நான் எழுந்து அண்ணன் வீட்டுத் தெரு வழியாக நடந்தேன். வாசலில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அண்ணி உள்ளே இருந்து வரவே இல்லை.

வண்டி ஏறினேன். டிபன் கேரியர் காலியாகவே பையில் கிடந்தது, வண்டி ஆடும்போதெல்லாம் மூடி சத்தம் போட்டது. நடுவில் ஏதோ தெலுங்கு ஊரில் நின்றபோது பூரி வாங்கி, தாளிலேயே வைத்துத் தின்றேன். கேரியரில் வைக்க மனசு இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகையில் விரல் தன்னால் மடிந்தது. அங்கே இரண்டு, இங்கே ஒன்று. அப்புறம் அந்த மூன்று. நேஹா எழுதின மாதிரி பக்கத்தில் போட்டு எண்ணினேன். முத்துலட்சுமி கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு எட்டு வருஷம் பிடித்தது. அதையும் அவளிடம் சொல்லவில்லை, ஜன்னல் கம்பியிடம் சொன்னேன்.

பாண்டுப்பில் கலா கதவைத் திறந்து பையை வாங்கினாள். அண்ணி கட்டித் தருகிற புளிச்சோற்றைப் பற்றி நான் சொல்லிக் கேட்டு ஆசையாக இருந்தாள். நேராகக் கேரியரைத் திறந்து பார்த்துவிட்டு, “என்ன அத்தை, உங்க அண்ணி ஒண்ணும் கட்டித் தரலையா?” என்று கேட்டாள்.

“தந்தாவ, தந்தாவ. வழியிலயே தின்னுட்டேன்” என்று சொல்லி, அழுக்கே படாத அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் உட்கார்ந்து கழுவினேன்.